ஆயிரத்தைந்நூறு மணி நேரக் கணக்கு

சென்ற முறை நம் பழைய மாணவர்கள் கூடியபோது, மதியப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் ஒரு ஜூனியர் உட்கார்ந்தார். என்னைவிட ஆறு வருஷம் பின்னால் வந்தவர். அதே மெக்கானிகல், அதே ஹாஸ்டல், அதே மெஸ் சாம்பாரில் வளர்ந்த உடம்பு. ரசம் வரும் நேரத்தில் கேட்டார்:

"அண்ணே, உங்க பொண்ணு அமெரிக்காவுல பைலட்டாமே! எம் பையனும் பைலட் ஆவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். அங்க ஏதோ ஆயிரத்தைந்நூறு மணி நேரம்னு சட்டம் இருக்காம். அது என்னண்ணே?"

நான் ஆரம்பித்தேன். பாயசம் வந்தது, அப்புறம் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். சொல்ல வந்தது பாதியில் நின்றுபோனது. மலர்க் குழுவிலிருந்து "ஏதாவது எழுதுங்க சார், உங்க பேட்ச்லேருந்து ஒருத்தரும் அனுப்பலை" என்று கேட்டபோது, மீதிப் பாதியை இங்கேயே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஹாஸ்டல் கதைகளை எழுத வேறு நண்பர்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே பொய் சொல்லுவார்கள்!

முதலில் அந்தப் பழைய கதை. அமெரிக்காவில் விமானி உரிமம் படிப்படியாகக் கிடைப்பது. சொந்த உல்லாசத்துக்குப் பறக்கும் உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம். காசு வாங்கிக்கொண்டு பறப்பதற்கான வணிக உரிமத்துக்குப் பொதுவாக 250. எல்லாவற்றுக்கும் உச்சியில் ஏ.டி.பி. என்று ஒன்று. அதற்கு 1,500 மணி நேரம். இந்த 1,500 என்ற எண் யாரோ புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. வெகு காலமாக கேப்டனுக்கு இருந்ததுதான். பக்கத்து இருக்கையில் உட்காரும் துணை விமானிக்கு வணிக உரிமம் இருந்தால் போதும். 2007 வாக்கில் வேலைக்கு ஆள் எடுப்பது மும்முரமாக இருந்தபோது, 250, 300 மணி நேரம் மட்டுமே பறந்த பிள்ளைகளைச் சில பிராந்திய விமான நிறுவனங்கள் அப்படியே அள்ளிக்கொண்டன.

பிராந்திய நிறுவனம் என்றால் என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். டிக்கெட்டில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும், விமானத்தின் மேலும் அந்தப் பெயரையே எழுதியிருப்பார்கள். ஆனால் ஓட்டுவது சின்ன ஊர்களுக்குச் சின்ன விமானம் விடும் வேறொரு கம்பெனி. விமானிக்குச் சம்பளம் கொடுப்பதும் அதுதான். நம்மூர்க் கல்யாணத்தில் சமையல் கான்டிராக்டை ஒருவர் எடுத்து, பந்தியை இன்னொருவரிடம் விடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2007 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு வயதை 60லிருந்து 65க்கு உயர்த்தினார்கள். மேலே இருந்தவர்கள் இன்னும் ஐந்து வருஷம் நகரவில்லை. அடுத்த வருஷமே பொருளாதாரச் சரிவு. கதவு சாத்திக்கொண்டது. என் மகள் விமானி ஆகப்போகிறேன் என்று அறிவித்தது இந்த நேரம் பார்த்துத்தான்!

அப்போது அவளுக்கு 19 வயது, கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். 2009 ஜனவரி 15 அன்று கேப்டன் சல்லன்பர்கர் இன்ஜின்கள் போன விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றினாரே, அந்தப் படத்தை அறையில் ஒட்டியிருந்தாள். நானும் என் மனைவியும் அவர் பிப்ரவரி 24ஆம் தேதி அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் பேசியதை டி.வி.யில் பார்த்தோம். தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டது, ஓய்வூதியம் போய்விட்டது, தனக்குத் தெரிந்த விமானிகளில் ஒருவர்கூடத் தம் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவதை விரும்பவில்லை என்றார் அந்த மனிதர். என் மனைவி டி.வி.யை அணைத்துவிட்டு, "கேட்டியா?" என்றாள் மகளிடம். "கேட்டேம்மா. அவர் பறக்கறத நிறுத்தலையே" என்று பதில் வந்தது.

ஆற்றில் இறங்கியதற்கும் காங்கிரசில் பேசியதற்கும் நடுவில் இன்னொன்று நடந்திருந்தது. 2009 பிப்ரவரி 12 இரவு. நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குக் கான்டினென்டல் டிக்கெட்டில், கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனம் ஓட்டிய 3407ஆம் எண் விமானம், ஓடுபாதைக்குச் சில மைல் முன்னால் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள்.

பனிக்காலம், இறக்கையில் உறைபனி என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். விசாரணையில் வேறு தெரிந்தது. இறங்குவதற்காக வேகம் குறைந்துகொண்டே வந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அளவு தாண்டியதும் கைப்பிடி தடதடவென்று நடுங்கி எச்சரித்தது. அந்த நேரத்தில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்க வேண்டும். கேப்டன் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தார். மூக்கு மேலே போனது, இறக்கைகள் தூக்குசக்தியை இழந்தன. மெக்கானிகல்காரர்கள் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பில் "ஸ்டால்" என்று படம் வரைந்து மார்க் வாங்கியிருப்போம். அதுதான்.

களைப்பும் பேசப்பட்டது. துணை விமானி 24 வயதுப் பெண். சியாட்டிலில் பெற்றோர் வீட்டிலிருந்து முதல் நாள் இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் இடம் கேட்டு, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வேலைக்கு வந்தவர். நியூவார்க் பக்கம் அறை எடுத்துத் தங்கும் அளவுக்குச் சம்பளம் இல்லை. கேப்டனோ உரிமத் தேர்வுகள் சிலவற்றில் தோற்றிருந்தவர். அவற்றில் சில நிறுவனத்துக்குத் தெரியாது.

இனி எண்களைப் பாருங்கள். கேப்டன் 3,379 மணி நேரம் பறந்தவர், அந்த ரக விமானத்தில் 111 மட்டும். துணை விமானி மொத்தம் 2,244, அதில் அந்த ரகத்தில் 774. கழித்துப் பார்த்தால் அந்தப் பெண் வேலைக்கு வரும்போதே ஏறத்தாழ 1,500 மணி நேரம் பறந்திருந்தார்! கேப்டன்தான் 600 சொச்சத்தில் சேர்ந்தவர். அந்தப் பெண் அதற்கு முன் எங்கே பறந்தார் தெரியுமா? எங்கள் அரிசோனாவில், பயிற்சியாளராக. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மேகமே இல்லாத பாலைவன வானம். விமானம் விழுவதற்குச் சில நிமிஷம் முன்பு, இந்த வேலைக்கு வரும் வரை தான் உறைபனியையே பார்த்ததில்லை என்று அவர் கேப்டனிடம் பேசிக்கொண்டு வந்தது கருவியில் பதிவாகியிருக்கிறது. என் மகள் பின்னால் பறக்கக் கற்றுக்கொண்டதும் அதே வானத்தில்தான். அந்த அறிக்கையை நான் படித்த இரவு தூங்கவில்லை.

இறந்தவர்களின் குடும்பத்தார் சும்மா இருக்கவில்லை. வாஷிங்டனுக்குத் திரும்பத் திரும்பப் போய், உறுப்பினர் ஒவ்வொருவரின் அறைக்கதவையும் தட்டினார்கள். 2010 ஆகஸ்டு 1ஆம் தேதி சட்டம் வந்தது. மூன்று வருஷத்துக்குள் துணை விமானிக்கும் ஏ.டி.பி. உரிமம் வேண்டும் என்றது. விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 2013 ஜூலையில் விதிகளை வெளியிட்டது. ராணுவ விமானிக்கு 750, விமானப் படிப்பில் இளநிலைப் பட்டம் வாங்கியவருக்கு 1,000, இரண்டு வருஷப் பட்டத்துக்கு 1,250, மற்ற எல்லாருக்கும் 1,500.

அதே சட்டத்தின் கீழ் வேறு காரியங்களும் நடந்தன. ஓய்வு நேர விதிகள் 2014 ஜனவரியில் மாறின. ஸ்டாலிலிருந்து மீளும் பயிற்சி கட்டாயமானது. விமானியின் தேர்வுத் தோல்விகளையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்கும் பதிவேட்டுக்கு 2021இல்தான் விதி வந்தது. என் அபிப்பிராயம், பஃபலோவில் நடந்ததற்கு நேர் மருந்து இவைதான். ஆனால் ஊர் முழுக்கப் பேசியது அந்த ஒற்றை எண்ணைத்தான். எண் என்றால் பத்திரிகையில் போட வசதி, மேடையில் சொல்லவும் வசதி.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். 2011இல் கல்லூரி முடித்துப் பயிற்சியில் சேர்ந்தாள். வங்கிக் கடனில் என் கையெழுத்தும் உண்டு. 2013 பிப்ரவரியில் வணிக உரிமமும் பயிற்சியாளர் உரிமமும் கையில். பறந்தது 270 மணி நேரம். ஆறு வருஷம் முன்பு பிறந்திருந்தால் அதை வைத்துக்கொண்டே ஒரு பிராந்திய நிறுவனத்தில் இன்டர்வியூவுக்குப் போயிருக்கலாம். இப்போதோ ஆகஸ்டில் விதி வருகிறது. கணிதப் பட்டத்துக்குச் சலுகை கிடையாது. இன்னும் 1,230 மணி நேரம்.

அதைச் சொந்தக் காசில் பறக்க முடியாது. ஒரு செஸ்னா 172 விமானத்தை வாடகைக்கு எடுத்தால் மணிக்கு நூறு டாலருக்கு மேல். ஆகவே யாராவது காசு கொடுத்து நம்மைப் பறக்க வைக்க வேண்டும். விளம்பரத் துணியை வாலில் கட்டிக்கொண்டு கடற்கரை ஓரம் பறப்பவர்கள் உண்டு. எண்ணெய்க் குழாய் வழியே தாழப் பறந்து கசிவு பார்ப்பவர்கள், பாராசூட்டில் குதிப்பவர்களை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு வெறும் விமானத்தோடு இறங்குபவர்கள் உண்டு. மிகப் பெரும்பாலோர் பயிற்சியாளர் ஆகிறார்கள். நேற்றுக் கற்றுக்கொண்டவர் இன்று கற்றுக்கொடுக்கிறார். மாணவன் ஓட்டும் நேரம் பயிற்சியாளர் கணக்கிலும் சேரும்.

அவள் வேலை பார்த்த பள்ளியின் பெயர் வேண்டாம். ஹாப்ஸ் மீட்டர் என்று விமானத்தில் ஒரு கருவி, நம்ம ஆட்டோ மீட்டர் மாதிரி. இன்ஜின் ஓடினால் அதுவும் ஓடும். அது ஓடினால்தான் இவளுக்குச் சம்பளம், மணிக்கு 20 டாலர். மாணவன் வரவில்லை, காற்று அடிக்கிறது, விமானம் ரிப்பேர் என்றால் நாள் முழுக்க நாற்காலியைத் தேய்த்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவாள். கோடையில் ஃபீனிக்ஸில் 45 டிகிரி வெயில். சூடான காற்றில் சின்ன விமானம் ஏறவே அடம்பிடிக்கும். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். என் மனைவி நாலரைக்கு எழுந்து தயிர் சாதம் கட்டிக்கொடுப்பாள். மாதம் சராசரி 40 மணி நேரம் சேர்ந்தது. பிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டி, வாரா வாரம் மீதியை எழுதி வந்தாள். 1,100... 1,060... எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதுவதுகூட அத்தனை ஒழுங்காக நடந்ததில்லை.

இந்த மணிக்கணக்கில் வேடிக்கைகளும் உண்டு. 1,500க்குள் 500 மணி நேரம் ஊர்விட்டு ஊர் போனதாக இருக்க வேண்டும், 100 இரவில், 75 கருவிகளை மட்டும் பார்த்து. அரிசோனாவில் கருவி பார்த்துப் பறக்க மேகத்துக்கு எங்கே போவது? வெளியே தெரியாதபடி நெற்றியில் ஒரு மறைப்பை மாட்டிக்கொள்வார்கள், குதிரைக்குக் கண்பட்டை கட்டுவது போல. பக்கத்தில் காவலுக்கு இன்னொரு விமானி. அப்படிப் பறந்தால் மறைப்பு மாட்டியவருக்கும் நேரம், காவலுக்கு உட்கார்ந்தவருக்கும் நேரம்! வாடகையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு இப்படியே ஊரைச் சுற்றி மணி சேர்த்தவர்களை அவளுக்குத் தெரியும். தரக் கட்டுப்பாட்டில் 30 வருஷம் உத்தியோகம் பார்த்தவன் நான். "இது என்னம்மா அளவு? ஆயிரத்தைந்நூறு மணி நேர அனுபவமா, இல்ல ஒரு மணி நேரத்தையே ஆயிரத்தைந்நூறு தடவையா?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை.

அவளோடு சேர்ந்து பயிற்சி முடித்த ஒரு பையன் அடிக்கடி வீட்டுக்கு வருவான். லாரி டிரைவர் மகன். கை அவ்வளவு சுத்தம் என்று மகளே சொல்லுவாள், அதாவது இவளைவிட நன்றாக இறக்குவானாம். எங்கள் வீட்டு இட்லிக்கு ரசிகன். அவன் அறை வாடகை கட்ட வேண்டும், கடன் தவணை கட்ட வேண்டும், ஹாப்ஸ் மீட்டர் எவ்வளவு ஓடினாலும் இரண்டுக்கும் காணாது. இரவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கப் போனான். இரவெல்லாம் பெட்டி அடுக்கிவிட்டு ஐந்து மணிக்கு விமானத்தில் ஏறுவது தப்பு என்று அவனுக்கே தெரிந்தது. 640 மணி நேரத்தில் நிறுத்திக்கொண்டான். கடன் நிற்கவில்லை. என் மகள் தாண்டி வந்தாள் என்றால் அவளுக்குப் பக்கத்திலேயே அப்பன் வீடு இருந்தது, வாடகை கேட்காத வீடு. அவனுக்கு இல்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

2015 செப்டம்பரில் பிரிட்ஜ் காகிதத்தில் பூஜ்யம் விழுந்தது. அந்த வருஷக் கடைசியில் ஒரு பிராந்திய நிறுவனத்தில் துணை விமானி. ஏ.டி.பி. தேர்வுக்கு முன் 30 மணி நேர வகுப்பும் 10 மணி நேர சிமுலேட்டரும் 2014 ஆகஸ்டிலிருந்து கட்டாயம். அந்தச் செலவை நிறுவனம் ஏற்றது. சம்பளம் அப்போதும் சொற்பம்தான்.

ஆனால் காற்று மாறத் தொடங்கியிருந்தது. உள்ளே வரும் வாசல் குறுகியதும் வருகிறவர்கள் குறைந்தார்கள். வயோமிங் மாநிலத்தின் கிரேட் லேக்ஸ் நிறுவனம் 2014இல் தன் 19 இருக்கை விமானங்களில் பத்து இருக்கைகளைக் கழற்றிவிட்டது! ஒன்பது பேர் விமானத்துக்கு வேறு விதி, அங்கே 1,500 தேவையில்லை. அப்படியும் 2018 மார்ச்சில் பறப்பதை நிறுத்திக்கொண்டது. ரிபப்ளிக் ஏர்வேஸ் 2016இல் திவால் மனு போட்டபோது விமானிப் பற்றாக்குறையையும் ஒரு காரணமாகச் சொன்னது. சின்ன ஊர்கள் சில தங்கள் விமானத்தை இழந்தன. கூடவே, ஆள் கிடைக்காத கம்பெனிகள் பையைத் திறந்தன. கொரோனாவில் மூத்தவர்கள் கொத்தாக ஓய்வு பெற்றுப் போக, 2022 ஜூனில் அமெரிக்கன் நிறுவனத்தின் கிளைகளான பீட்மான்ட்டும் என்வாயும் புதுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. மகள் சேர்ந்தபோது வாங்கியதைப் போல மூன்று மடங்குக்கு மேல். அவள் அதே வருஷம் பெரிய நிறுவனத்துக்கு மாறினாள்.

1,500ஐ அசைக்கப் பார்த்தவர்களும் உண்டு. தன் சொந்தப் பள்ளியில் படித்தவர்களுக்கு 750 போதும் என்று ரிபப்ளிக் 2022இல் கேட்டது, எஃப்.ஏ.ஏ. மறுத்தது. சிமுலேட்டர் நேரத்தைக் கூடுதலாகக் கணக்கில் சேர்க்கலாம் என்று 2023இல் காங்கிரசில் சண்டை நடந்தது. 2024 மே மாதம் கையெழுத்தான சட்டத்தில் அது இல்லை. பஃபலோ குடும்பத்தாரும் விமானிகள் சங்கமும் ஒரே அணியில் நின்றார்கள். குடும்பத்தார் நின்றது துக்கத்தால். சங்கம் நின்றதில் சம்பளக் கணக்கும் கொஞ்சம் இருந்திருக்கும், அதைத் தப்பென்றும் நான் சொல்லமாட்டேன்.

அவர்கள் பக்க வாதம் லேசானதில்லை. 2009 பிப்ரவரிக்குப் பிறகு, 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டன் அருகே ஒரு ராணுவ ஹெலிகாப்டரோடு மோதி 67 பேர் இறந்த விபத்து வரை, அமெரிக்கப் பயணிகள் விமான நிறுவனம் எதற்கும் அப்படியொரு பெரிய விபத்து நடக்கவில்லை. ஐரோப்பாவிலோ 200 சொச்சம் மணி நேரத்தில் துணை விமானி ஆகிறார்கள், அங்கேயும் விமானங்கள் பத்திரமாகத்தான் இறங்குகின்றன. எதற்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஓய்வு விதியா, ஸ்டால் பயிற்சியா, 1,500ஆ?

மகளிடமே கேட்டேன், இப்போது அவள் கேப்டன் ஆன பிறகு. நான் எதிர்பார்த்த பதில் வரவில்லை. "அப்பா, எண்ணூறாவது மணி நேரமோ என்னமோ... ஒரு ஸ்டூடன்ட் இறங்கறப்போ பயந்துபோய்க் கைப்பிடியை அப்படியே வயித்தோட இழுத்துட்டான். நான் தள்ளினேன். யோசிக்கவே இல்ல, கை தானா தள்ளுச்சு. இருநூத்தி எழுபதுல அது வந்திருக்குமான்னு கேட்டா, தெரியாது." கொஞ்சம் பொறுத்து, "ஆனா அவன் போனது எனக்கு இன்னும் ஆறலை" என்றாள். யாரைச் சொன்னாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஜூனியர் தம்பிக்கு நான் போனில் சொன்னது வேறு கணக்கு. மாணவர் விசாவில் அமெரிக்காவுக்கு வந்தால், பயிற்சிப் பள்ளி விசாவில் படிப்புக்குப் பின் வேலைப் பழக்கத்துக்கு அதிகபட்சம் ஆறு மாதம், கல்லூரி விசாவில் ஒரு வருஷம். 250லிருந்து 1,500க்குப் போக என் மகளுக்கு இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆனது. ஏஜென்ட் யாராவது "அங்கேயே ஏர்லைன்ல உட்கார்ந்துடலாம் சார்" என்றால் இந்த இரண்டு எண்ணையும் அவர் முன்னால் வைக்கவும். இந்தியாவில் 200 மணி நேரத்தில் வணிக உரிமம், அதன் மேல் குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சி, துணை விமானி ஆகலாம். 1,500 என்பது இங்கே கேப்டன் ஆவதற்கான படியில்தான் வருகிறது. வெளிநாட்டில் பறந்துவிட்டு வந்தாலும் டி.ஜி.சி.ஏ. தேர்வுகளை எழுதித்தான் உரிமத்தை மாற்ற வேண்டும். அமெரிக்காவிலும் 2024இல் ஆள் எடுப்பது குறைந்து, 1,500 முடித்தவர்களே வாசலில் நின்றார்கள்.

தம்பி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப இங்கயே சேத்துடறேண்ணே. ஆனா, ஒண்ணு கேக்கணும், இருநூறு மணி நேரத்துல ஒரு பையன் கையில அத்தனை பேரைக் குடுக்கலாமா?" என்றார். விமானியாகப் போகிறவனின் அப்பா கேட்கிற கேள்வியா இது? நான் சிரித்துவிட்டேன். பதில் சொல்லவில்லை.

பையன் சேர்ந்துவிட்டான். போன வாரம் 64 மணி நேரம் ஆகியிருந்ததாம், அவர் வீட்டு பிரிட்ஜிலும் காகிதம் ஒட்டியாகிவிட்டது.